பதினாறாம் சேனலில் குறுக்கீடா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் படகுகளின் வயர்லெஸ் செட்டைப் பழுது பார்ப்பது என் தொழில். ஹாம் உரிமமும், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவதற்கான உரிமமும் வைத்திருக்கிறேன். "பதினாறுல எவனோ அடைச்சுக்கிட்டுக் கெடக்கான், ஒரு வார்த்தை பேச முடியல" என்று அடிக்கடி யாராவது கடைக்கு வந்து நிற்பார்கள். வரும்போதே பெயரும் தயாராக இருக்கும். அந்தத் துறைக்காரன், இந்தப் படகுக்காரன், போன மாதம் வலைத் தகராறு செய்தவன். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அந்த ஆளுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

அனுமதி இல்லாமல் செட் வைத்துப் பேசுகிறவர்கள் நம் கரையில் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் தவறான ஆளைக் காட்டிக் கொடுத்தால் ஊருக்குள் சண்டைதான் மிஞ்சும், சேனல் அடைத்தபடியேதான் கிடக்கும். அதனால் முதலில் அறிகுறியைப் பாருங்கள். ஆளைத் தேடுவது அதற்கு அப்புறம்.

பதினாறாம் சேனல் என்பது 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்தில் கூப்பிடவும், முதல் அழைப்புக்கும் உலகம் முழுக்க ஒதுக்கி வைத்த அலைவரிசை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் பேச முடியும். யாரோ ஒருவர் மைக்கை அமுக்கிப் பிடித்திருந்தால், அவர் செட் எட்டும் தூரத்தில் இருக்கும் எல்லாப் படகுக்கும் காது அடைத்த மாதிரிதான்.

சேனல் அடைத்திருக்கிறது, இப்போதே ஆபத்து

மற்றதெல்லாம் பிறகு. சேனல் அடைத்திருக்கிறதே என்று கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். எஃப்.எம். முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சிக்னல்தான் கேட்கும். அடைத்துக்கொண்டிருப்பவர் 15 கிலோமீட்டர் தள்ளி, உங்களுக்கு உதவக்கூடிய படகு 3 கிலோமீட்டரில் என்றால், அந்தப் படகில் உங்கள் குரல்தான் எழும்பும். செட்டை முழு சக்தியில், அதாவது 25 வாட்டில் வைத்து, மேடே என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து என்று சொல்லுங்கள்.

செட்டில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் இருந்தால் அதையும் அமுக்கிப் பிடியுங்கள். அதிலிருந்து ஆபத்துச் செய்தி தானாக எழுபதாம் சேனலில், 156.525 மெகாஹெர்ட்ஸில் போகும். பதினாறு அடைத்திருந்தாலும் அதற்குத் தடை இல்லை. படகில் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் பொருத்தியிருந்தால் அது செயற்கைக்கோள் வழியாகப் பேசுவது, அதையும் தட்டுங்கள். போனில் டவர் கிடைத்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

பேச்சு எதுவும் இல்லை. மூச்சு, எஞ்சின், பாத்திரம் உருளும் சத்தம்

இது வந்தால் எனக்குச் சந்தேகமே இருக்காது. எங்கோ ஒரு மைக் அமுங்கிக் கிடக்கிறது. நம் கரையில் பதினாறை அடைப்பதில் முதலிடம் இதற்குத்தான், இதைச் செய்பவருக்கே தான் செய்வது தெரியாது.

ஒரு தடவை மூன்று நாள் தொடர்ந்து சாயங்காலம் ஆனால் சேனல் அடைத்துக்கொண்டது. மண்டபத்துப் பெரியவர் ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், கோபத்தோடு வந்தார். "தம்பி, வடகடல் பக்கம் ஒருத்தன் வேணும்னே பண்றான். நீ எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடுறேன்."

"எழுதலாம் காக்கா. அதுக்கு முன்னாடி ஒங்க படகுல ஏறிப் பாத்துருவோமா?"

முகம் சுருங்கினாலும் கூட்டிக்கொண்டு போனார். செட்டை நிறுத்தியதும் என் கையில் இருந்த செட்டில் சேனல் தெளிந்துவிட்டது. மைக் கொக்கியில் இருந்து நழுவி, பேட்டரிப் பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் செருகிக் கிடந்தது. எடுத்த பிறகும் சரியாகவில்லை. அழுத்தும் பட்டனின் ரப்பரைப் பிரித்தால் உள்ளே உப்பு ரவை ரவையாகப் படிந்து, செம்புத் தகடு பச்சை பிடித்துப் போயிருந்தது. அமுக்கினால் திரும்ப எழும்பாது. சாயங்காலம் கடலுக்குக் கிளம்பும்போது செட்டைப் போடுவார், பக்கத்துப் படகோடு கூவியே பேசிக்கொள்வார், அதனால் அவருக்குத் தெரியவே இல்லை.

முதலில் உங்கள் செட்டின் திரையைப் பாருங்கள். ஒலிபரப்பைக் காட்டும் டிஎக்ஸ் (TX) என்ற எழுத்தோ சிவப்பு விளக்கோ நிலையாக எரிந்தால் அது நீங்கள்தான். மைக் கம்பியைச் செட்டிலிருந்து கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் கோளாறு மைக்கில், அணையாவிட்டால் செட்டுக்குள்ளே. மைக்கை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, தொடர்புத் தகட்டுக்குரிய ஸ்ப்ரே அடித்தால் பாதி மைக்குகள் பிழைத்துக்கொள்ளும். டீசலில் கழுவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். பச்சை ஆழமாகப் பிடித்திருந்தால் மைக்கை மாற்றுங்கள். பல செட்டுகளில் தொடர்ந்து 5 நிமிடம் ஒலிபரப்பினால் தானே நின்றுகொள்ளும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள்.

உங்கள் செட் சுத்தம் என்றால், அமுங்கிக் கிடக்கும் மைக்கில் வரும் சத்தத்தைக் கவனமாகக் கேளுங்கள். எத்தனை சிலிண்டர் எஞ்சின், அலை பலகையில் மோதுகிறதா, படகு கட்டியிருக்கிறதா ஓடுகிறதா, பின்னால் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே நம் ஆட்கள் படகைக் கண்டுபிடித்துவிடுவார்கள். போன் போட்டுச் சொன்னால் முடிந்தது. இதற்குப் புகார் தேவையில்லை.

என் செட்டில் மட்டும் இரைச்சல், பக்கத்துப் படகில் இல்லை

குறுக்கீடு உங்கள் படகிலேயே உற்பத்தியாகிறது. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீச்சு என்றால் ஆல்டர்னேட்டர். வேகம் எப்படி இருந்தாலும் மாறாத இரைச்சல் என்றால் எல்.இ.டி. விளக்கைச் சந்தேகப்படுங்கள். விலை மலிவான எல்.இ.டி. விளக்குக்குள் இருக்கும் மின்சுற்று வி.எச்.எஃப்., அதாவது நம் படகுச் செட் பேசும் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018-லேயே இதற்கு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஏரியல் பக்கத்தில் இருந்த எல்.இ.டி. விளக்கினால் படகுகளுக்கு அழைப்பே கேட்காமல் போனது.

சோதனை சுலபம். எல்லா விளக்கையும் அணையுங்கள். யாரும் பேசாத ஒரு சேனலுக்குப் போய், ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் திருகுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இப்போது ஒவ்வொரு விளக்காகப் போடுங்கள். எந்த விளக்குக்கு இரைச்சல் பீறிட்டு எழுகிறதோ அதுதான். அந்த விளக்கை ஏரியலை விட்டுத் தள்ளி வையுங்கள், இல்லை மாற்றுங்கள். இரைச்சல் கேட்கக் கூடாது என்று ஸ்குவெல்ச்சை முழுக்கத் திருகி வைக்கும் பழக்கம் பலரிடம் பார்க்கிறேன். தூரத்துப் படகின் அபயக் குரல் அதோடு சேர்ந்தே அடங்கிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

ஏரியல் அடியில் இருக்கும் இணைப்பில் உப்புத் தண்ணீர் ஏறினாலும் கரகரப்பு வரும். கழற்றிப் பார்த்தால் நடுக்கம்பி கறுத்திருக்கும். அந்த நீளத்தை வெட்டிவிட்டு, புது முனை போட்டு, நீர் புகாத டேப் சுற்றுங்கள்.

ராத்திரியில் மட்டும் தெரியாத ஊர்க் குரல்கள்

பங்குனி, சித்திரையில் காற்று அடங்கிய ராத்திரிகளில் இது வரும். கடலுக்கு மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் அடுக்காக நின்றுவிட்டால், வி.எச்.எஃப். அலை அந்த அடுக்குக்குள் சிக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். சாதாரண நாளில் கடல் மட்டத்தில் இருந்து 4 மீட்டர் உயர ஏரியல் உள்ள இரண்டு படகுகள் ஏறக்குறைய 16 கிலோமீட்டர்தான் பேசிக்கொள்ள முடியும். இப்படிப்பட்ட ராத்திரியில் எங்கோ ஒரு துறைமுகம் கப்பலோடு பேசுவது பக்கத்தில் நின்று பேசுவது போல வரும்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 30 கிலோமீட்டர் அளவுதான். அங்கிருந்து சட்டப்படி பேசுகிறவர் குரல் இங்கே கேட்பது குற்றம் ஆகாது. பதினாறு அவர்களுக்கும் பதினாறுதான். பாம்பனில் 90.4-ல் வரும் கடல் ஓசை சமுதாய வானொலிக்குள் வேறு பாட்டு நுழைகிறது என்று சொல்பவர்களுக்கும் இதே பதில். சமுதாய வானொலிக்கு அனுமதித்த சக்தி 100 வாட்தான். காற்று அடுக்கு அமையும் ராத்திரியில், அதே அலைவரிசையில் தூரத்தில் இருக்கும் பெரிய நிலையம் அதை அமுக்கிவிடும். விடிந்து வெயில் ஏறியதும் போய்விட்டால் புகார் எழுத வேண்டாம். பகலிலும் நின்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

எந்த நாளில் வருகிறது, எந்த நாளில் நிற்கிறது?

நம் பகுதியில் மட்டும் செய்யக்கூடிய சோதனை இது. எனக்கு இதைவிட நம்பகமான கருவி வேறு இல்லை.

பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். குறுக்கீடு வந்த நாட்களை ஒரு நாட்காட்டியில் வட்டம் போட்டு வாருங்கள். இரண்டு வாரம் போதும். விசைப்படகு போகும் நாளில் மட்டும் வட்டம் விழுந்தால், குறுக்கிடும் செட்டும் விசைப்படகோடு சேர்ந்து கடலுக்குப் போய்வருகிறது. நாட்டுப்படகு நாளில் மட்டும் என்றால் அந்தப் பக்கம் தேடுங்கள். எல்லா நாளும், அதுவும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை என்றால் அது அலுவலக நேரம். மீனுக்கு அந்த நேரக் கணக்கு கிடையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருகிறதே, அது இன்னும் பெரிய வாய்ப்பு. விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போதும் அதே குரல்கள் வந்தால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் தரைதான்.

பதினாறில் மீன் விலை, வீட்டுக் கதை, சினிமாப் பாட்டு

உரிமம் உள்ள செட்டில் உரிமையோடு செய்யும் தவறு. சொல்லித் திருத்தலாம். கூப்பிட மட்டும் பதினாறு, ஆள் கிடைத்ததும் 8 அல்லது 72-க்கு மாறச் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்தில் ஒரு முறை சொன்னால் பல நாள் அமைதி கிடைக்கிறது. திருந்தாதவர் ஒருவர், இருவர் இருந்தால், படகுப் பதிவு எண்ணோடு மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

"கேட்டைத் திற", "வண்டி வந்துருச்சு", "மேல கம்பி ஏத்து"

இதுதான் நாம் தேடும் ஆள். தரையில் வேலை செய்கிறவர்கள், கையில் சீனத்து வாக்கி டாக்கி. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியது. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எதில் வேண்டுமானாலும் பேசும். வாங்கியவர் காலியாக இருக்கிறது என்று ஒரு எண்ணைத் தட்டி வைத்திருப்பார். அது 156.8 ஆக இருந்தால் கடலில் இருப்பவன் உயிர் அவர் விரலில் இருக்கிறது. 144 முதல் 146-க்குள் இருந்தால் எங்கள் ஹாம் அலைவரிசை.

பலருக்கு இது குற்றம் என்றே தெரியாது. 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டத்தில், அனுமதி இல்லாமல் ஒலிபரப்பும் செட்டை வைத்திருப்பதே குற்றம், பேச வேண்டும் என்பதில்லை. 3 ஆண்டு வரை சிறை என்று எழுதியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் செட் வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. விற்கும் இடத்தையும் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்த அலைவரிசை, உரிமம் வேண்டுமா என்று சொல்லாமல் வாக்கி டாக்கி விற்ற இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் 13 நோட்டீஸ் அனுப்பியது.

திசை பார்ப்பது இப்படி. இரும்பு அளவு டேப்பை வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் மூன்று கம்பி யாகி ஏரியல், அதாவது நீட்டும் திசையில் வலுவாகக் கேட்கும் ஏரியல் செய்துகொள்ளலாம். 156.8-க்கு அரை அலை நீளம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், நடுக்கம்பி அதைவிடக் கொஞ்சம் குறைவு. யாகி இல்லாவிட்டால் கைச் செட்டை மார்போடு ஒட்டிப் பிடித்து மெதுவாக ஒரு சுற்று திரும்புங்கள். சிக்னல் எந்த நிலையில் மிகவும் குறைகிறதோ, அப்போது உங்கள் முதுகு பக்கம்தான் ஆள். சிக்னல் வலுத்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் முழு அளவு காட்டினால் செட்டின் ஏரியலைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

டேப் இரும்பு என்பதால் பக்கத்தில் காம்பஸ் வைத்தால் முள் திரும்பிவிடும். நான் காம்பஸே பார்ப்பதில்லை. ராமேஸ்வரம் தூர்தர்ஷன் கோபுரம் 323 மீட்டர் உயரம், எங்கிருந்தும் தெரியும். அதற்கு இடப்பக்கம் எத்தனை விரல் தள்ளி என்று குறித்து, வீட்டுக்கு வந்து வரைபடத்தில் கோடு போடுவேன்.

இரண்டு எச்சரிக்கை. மண்டபம் முனை கிழக்கு மேற்காக நீண்ட ஒரு நாக்கு. நெடுஞ்சாலை ஓரமாகவே நின்று மூன்று இடத்தில் பார்த்தால், மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துவிடும், எங்கே வெட்டுகிறது என்றே தெரியாது. ஒரு கோடாவது கடலில் படகில் இருந்து எடுங்கள். பாம்பன் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள், அத்தனை இரும்பும் சிக்னலைத் திருப்பி அடிக்கும். சாலைப் பாலத்தின் மேலும், உச்சிப்புளி கடற்படைத் தளத்து வேலி ஓரமும் ஏரியலைத் தூக்கிக்கொண்டு நிற்கவே வேண்டாம். எல்லை ஓரக் கரை இது. நம்மைச் சந்தேகப்படுவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

இடம் தெரிந்ததும் கதவைத் தட்டப் போகாதீர்கள். பதினாறில் ஏறித் திட்டாதீர்கள், பாட்டுப் போட்டு அடைக்காதீர்கள். அப்போது சேனலை அடைப்பவர் நீங்கள். தெரிந்தவர் நடத்தும் வேலையிடம் என்றால் மட்டும், நல்ல விதமாக, "அண்ணே, இந்த அலைவரிசை கடல்ல அபயத்துக்கு, உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் சின்ன செட் வாங்கிக்கங்க" என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்ன இரண்டு இடத்தில் ஒரு இடத்தில் அன்றைக்கே மாற்றிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் செட்டே இல்லை என்றார்கள். அதற்குத்தான் புகார்.

வயர்லெஸ் சரி, ஊரில் போன் மட்டும் அறுந்து அறுந்து போகிறது

பக்கத்து மாடியில் சிக்னல் பூஸ்டர் இருக்கிறதா பாருங்கள். ஒரு வீட்டுக்குச் சிக்னல் ஏற்றுவதற்காக டவரையே குழப்பி, தெரு முழுக்கக் கெடுக்கும். நிறுவனம்தான் அதைப் பொருத்தலாம், தனியாள் பொருத்துவது சட்டவிரோதம். உங்கள் போன் நிறுவனத்திடம் நேரம், தெரு சொல்லிப் புகார் கொடுங்கள். அவர்களுடைய ஆட்களே கருவியோடு வந்து கண்டுபிடிப்பார்கள்.

புகார் எழுதுவது

அலைவரிசை விஷயம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளை ஒதுக்கும் டபிள்யூ.பி.சி. (WPC) பிரிவுக்கு உரியது. அதன் கீழ் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. அவர்களிடம் திசை பார்க்கும் வண்டி உண்டு. பதினாறு சம்பந்தப்பட்டது என்றால் மண்டபம் கடலோரக் காவல் படை நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். அவர்களும் அந்தச் சேனலைக் கேட்கிறவர்கள்தான், அவர்கள் குறிப்போடு உங்கள் குறிப்பு பொருந்தினால் புகாருக்குக் கனம் கூடும்.

"பல நாட்களாகத் தொல்லை தாங்க முடியவில்லை, உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று எழுதிய புகாரை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. வண்டி எந்த நாள், எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்று அதில் இல்லை. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அலைவரிசை, நீங்கள் இருந்த இடம், என்ன செட், ஏரியல் எவ்வளவு உயரம், சிக்னல் எத்தனை கட்டம், காதில் விழுந்த வார்த்தை அப்படியே, எந்தத் திசை, அதை எப்படிப் பார்த்தீர்கள், அதனால் எந்த அழைப்பு கேட்காமல் போனது. உங்கள் உரிம எண்ணும் வேண்டும். உங்கள் செட்டுக்கே உரிமம் இல்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஒலிப்பதிவை போனில் எடுக்கலாம். தொடக்கத்தில் தேதி, நேரம், சேனலை உங்கள் குரலில் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை வைத்து அவர்கள் யார் மேலும் வழக்குப் போட மாட்டார்கள், தாங்களே வந்து அளந்து பார்த்த பிறகுதான் செட்டைப் பறிமுதல் செய்வது எல்லாம். ஆனால் எப்போது வர வேண்டும் என்பதை அந்தப் பதிவு சொல்லும். ஆள் பெயரை எழுதாதீர்கள். "இந்த இடத்தில் இருந்து பார்த்தபோது இந்தத் திசை" என்று எழுதுங்கள், பெயரை அவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

காக்கா இப்போது படகில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். உப்பு படாமல் பாலித்தீன் பையில் போட்டு, செட்டுக்கு மேலே ஆணியில் தொங்கும். போன தடைக்காலத்துக்கு முன் அதில் பதினோரு வரி சேர்ந்திருந்தது, எல்லாம் காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், எல்லாம் ஒரே திசை. அதைத்தான் அப்படியே படியெடுத்து அனுப்பினோம். பதில் வர நாளாகும், அதுவரை நாட்காட்டியில் வட்டம் போடுவதை நிறுத்தாதீர்கள். இடையில் குறுக்கீடு தானாக நின்றுவிட்டால், நின்ற தேதியையும் எழுதி அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வண்டி காலியான சேனலைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.